படிக்காத அடுக்கு இருக்க, இன்னொரு பழைய புத்தகம் ஏன்?

வீட்டில் படிக்காத புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அப்படியிருந்தும் வாட்டர்லூ ஸ்திரீட் பக்கம் போனால் பழைய பொருள் கடைக்குள் நுழையாமல் வர முடிவதில்லை. வெளியே வரும்போது கையில் இரண்டு புத்தகம். சிங்கப்பூரில் இந்தப் பழக்கம் உள்ள தமிழர்கள் பலரை எனக்குத் தெரியும். “முதல்ல வீட்ல இருக்கிறதைப் படிச்சு முடி” என்ற பேச்சையும் அவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள்.

அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் அறநிறுவனங்கள் நடத்தும் த்ரிஃப்ட் கடை எப்படி ஓடுகிறது, அங்கே விலை போகாத புத்தகத்துக்கு அடுத்து என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டால், இந்தப் பழக்கத்தைப் பற்றிய கணக்கு கொஞ்சம் மாறும். தமிழ்ப் புத்தகம் என்று வரும்போது நன்றாகவே மாறும். இங்கே பழைய தமிழ் நூலைக் கண்டால், எப்போது படிப்போம் என்று தெரியாவிட்டாலும் எடுத்துக்கொள்வது சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஏன் என்பதை, இந்தக் கடைகளுக்குள் இதுவரை போகாதவர்களுக்கும் புரியும்படி அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

த்ரிஃப்ட் கடை எப்படி ஓடுகிறது

மக்கள் வேண்டாம் என்று கொடுக்கும் பொருள்களைத் தரம் பிரித்து, விலை போட்டு விற்று, வரும் பணத்தைத் தொண்டுக்குச் செலவிடும் கடை இது. பிரிட்டனில் ஊருக்கு ஊர் உண்டு. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 1940களின் இறுதியில் ஆக்ஸ்ஃபர்டு நகரின் பிராட் ஸ்திரீட்டில் திறந்த கடை புகழ்பெற்றது. 1987இல் அதே நகரில் புத்தகத்துக்கென்றே ஒரு கடையைத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் 1935 முதல் இயங்கிவரும் சால்வேஷன் ஆர்மியின் கடைகள் பலருக்கும் பழக்கம். வாட்டர்லூ ஸ்திரீட் 96ஆம் எண் கட்டடத்தில் ‘நியூ டு யூ’ என்ற சிறிய கடை இருக்கிறது. தொண்டூழியர்கள் பார்த்துக்கொள்ளும் கடை அது. அதை நடத்தும் மாதர் அமைப்புகளின் மன்றம்தான், குடும்ப வன்முறையால் வீட்டைவிட்டு வர நேர்ந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ‘ஸ்டார் ஷெல்ட்டர்’ என்ற அடைக்கல இல்லத்தையும் நடத்துகிறது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக 1962இல் தொடங்கப்பட்ட மைண்ட்ஸ் அமைப்புக்கும் கடை உண்டு. திறந்திருக்கும் நாளும் நேரமும் கடைக்குக் கடை வேறு, விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

பழைய புத்தகக் கடையும் இதுவும் ஒன்றல்ல. 1980இல் கட்டப்பட்ட பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள பழைய புத்தகக் கடைக்காரர்களுக்குச் சரக்கு தெரியும். எந்தப் பதிப்பு அரியது, எதை எவ்வளவுக்குக் கேட்பார்கள் என்பது அவர்கள் தொழில். த்ரிஃப்ட் கடையில் விலை போடுபவர் காலையில் சட்டைகளையும் கோப்பைகளையும் பிரித்துவிட்டு, மதியம் புத்தகப் பெட்டியைத் திறப்பவர். அட்டையையும் தடிமனையும் பார்த்து 2 வெள்ளி, 3 வெள்ளி என்று எழுதுவார். அதனால்தான் அங்கே மலிவு. அங்கே இன்றைக்கு இருப்பது அடுத்த வாரம் இருக்காது என்பதற்கும் காரணம் உண்டு.

சரக்கு இலவசமாக வந்தாலும் இடம் இலவசம் இல்லை. புத்தகம் கனமானது, மெதுவாக விற்பது, விற்றாலும் சில வெள்ளிதான் தருவது. ஒரு கைப்பை விற்கும் அலமாரியில் புத்தகத்தை வைத்திருப்பது கடைக்குக் கட்டுப்படியாகாது. சில வாரங்கள் யாரும் தொடாவிட்டால் கழித்துவிடுவார்கள். கழித்தவை இன்னொரு கடைக்குப் போகலாம், மொத்தமாக யாருக்காவது போகலாம், காகித மறுசுழற்சிக்கும் போகலாம். புதுப் புத்தகக் கடையில் “அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்” என்று சொல்ல முடியும், கேட்டால் வரவழைத்தும் தருவார்கள். இங்கே இருப்பது ஒரே பிரதி, அது இருக்கும் காலமும் கொஞ்சம்தான். படிக்க நேரம் இருக்கும்போது வாங்கலாம் என்ற ஒழுங்கு இங்கே செல்லாது.

படிக்காத அடுக்கு கடனா?

மாதம் 2 புத்தகம் படிக்கும் ஒருவர் ஆண்டுக்கு 24 படிப்பார். 40 ஆண்டு விடாமல் படித்தால் 960. வேலை, பிள்ளைகள் படிப்பு, கைப்பேசி எல்லாவற்றுக்கும் நடுவில் மாதம் 2 என்பதே பலருக்குப் பெரிய எண். எனவே 200 புத்தகம் படிக்காமல் அடுக்கியிருப்பவருக்கு, புதிதாக ஒன்றும் வாங்காமல் இருந்தாலும் அவற்றை முடிக்க 8 ஆண்டுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை ஒருமுறை நேராகப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் முடிக்க முடியாது என்பது தெரிந்துவிட்டால், முடிக்கவில்லையே என்ற குற்ற உணர்வுக்கும் வேலை இல்லை.

சமையலறை டப்பாவில் இருக்கும் பருப்பை யாரும் தீர்க்க வேண்டிய கடனாக நினைப்பதில்லை. எப்போது எது வேண்டுமோ அதை எடுக்கத்தான் இருப்பு. புத்தக அடுக்கும் எனக்கு அப்படித்தான். மனசு சரியில்லாத வாரத்தில் கையில் எடுக்கும் புத்தகமும், நீண்ட வார இறுதியில் எடுப்பதும் வேறு வேறு. அந்த நேரத்தில் எது வேண்டும் என்பதை முன்கூட்டித் தெரிந்துகொண்டு ஒன்றே ஒன்றை வாங்கி வைக்க யாராலும் முடியாது.

நூலகம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, அதை நன்றாகப் பயன்படுத்த வேண்டும். தேசிய நூலக வாரியத்தின் தமிழ்ப் பிரிவு இல்லாமல் என் வாசிப்பே இல்லை. ஆனால் நூலகத்தில் நாம் போய்த் தேடுவது பெரும்பாலும் பெயர் தெரிந்த நூல். 21 நாளில் திருப்பித் தர வேண்டும் என்பதால் எடுப்பதும் உடனே படிக்கப் போவதைத்தான். த்ரிஃப்ட் கடையின் கடைசித் தட்டில், யாருமே பரிந்துரைக்காத, பெயரே கேள்விப்படாத ஒன்று கண்ணில் படும். தவிர, நூலகமும் இடம் போதாமல் நூல்களைக் கழிக்கிறது. அப்படிக் கழித்தவற்றைச் சிங்கப்பூர் எக்ஸ்போவில் மலிவு விலையில் விற்றதும் உண்டு, வரிசையில் நின்று வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்.

பழைய பிரதி வாங்கினால் எழுத்தாளருக்கு ஒரு காசும் போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிப்புரிமைத் தொகை பொதுவாக விலையில் 10 விழுக்காடு அளவு, அது புதுப் பிரதி விற்கும்போது மட்டும் கிடைப்பது. நான் கடைப்பிடிக்கும் முறை இது: எழுதியவர் நம்மிடையே இருக்கிறார், நூல் அச்சில் இருக்கிறது என்றால் புதிதாக வாங்கவேண்டும், முடிந்தால் வெளியீட்டு விழாவுக்கே போய் வாங்கவேண்டும். சிங்கப்பூரில் எழுதுகிறவர்கள் விஷயத்தில் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அச்சில் இல்லாததைப் பழையதாக வாங்குவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

தமிழ்ப் புத்தகத்தின் நிலை வேறு

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 5 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. அவர்களில் தமிழ் நூல் வாங்கிப் படிப்பவர்கள் இன்னும் குறைவு. எனவே இங்கே அச்சாகும் தமிழ் நூல்கள் சில நூறு பிரதிகளே போடப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி விழாவில் கைமாறும், ஒரு பகுதி எழுதியவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடக்கும்.

அந்தச் சில நூறில் ஒன்று த்ரிஃப்ட் கடைக்கு வந்து சேர்கிறது என்று வையுங்கள். பெட்டியைத் திறக்கும் தொண்டூழியருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அவர் கையில் இருப்பது சமையல் குறிப்பா, பஞ்சாங்கமா, 1970களின் கவிதைத் தொகுப்பா என்று அவரால் சொல்ல முடியாது. ‘பிற மொழிகள்’ என்ற தட்டில், சில சமயம் தலைகீழாக வைப்பார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தலைப்பைப் படிக்கக்கூடிய ஒருவர் அந்த வாரங்களுக்குள் அந்தப் பக்கம் வந்தால்தான் புத்தகம் பிழைக்கும். நாம்தான் அந்த ஒருவர். இதை எண்ணித்தான் நான் தமிழ் நூலைக் கண்டால் என் அலமாரியின் நிலையை யோசிப்பதில்லை.

எல்லாம் நூலகத்தில் இருக்குமே என்றால், ஓரளவுக்குத்தான் இருக்கும். சிங்கப்பூரில் பதிப்பாகும் அச்சு நூலின் 2 பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். 2015இல், நாடு விடுதலை பெற்று 50 ஆண்டு நிறைந்தபோது, தமிழ்ச் சமூகத்தினரும் வாரியமும் சேர்ந்து 1965 முதல் அதுவரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கான நூல்களை இன்று இணையத்திலேயே படிக்கலாம். மகத்தான வேலை அது. ஆனால் அதன் எல்லை இலக்கியமும் அந்த 50 ஆண்டுகளும். கோயில் குடமுழுக்கு மலர், தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர், தொழிற்சங்கச் சிறப்பிதழ், மாதர் சங்கம் போட்ட சமையல் கையேடு, உள்ளூர் நாடகக் குழுவின் நிகழ்ச்சி நூல் என்று எத்தனையோ வெளிவந்திருக்கின்றன. பெரும்பாலும் விற்பனைக்கு இல்லாமல் கையில் கொடுக்கப்பட்டவை. எங்கே எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்ற பட்டியலே இல்லாதவை. ஒரு சமூகம் எப்படி வாழ்ந்தது என்பது நாவலைவிட இவற்றில் கூடுதலாகவே இருக்கும், விளம்பரப் பக்கங்களில்கூட.

சிங்கப்பூரில் அச்சான தமிழ் இலக்கிய நூல்களில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது, 1872இல் வெளிவந்த ‘முனாஜாத்துத் திரட்டு’ என்ற இஸ்லாமியப் பக்திப் பாடல் தொகுப்பு. அதன் பிரதி லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தமிழ் படிக்கும் வழக்கமான வாசகர் யாரும் அங்கே அதை நூறு ஆண்டுகளாகப் புரட்டிக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள். எறியாமல் வைத்திருந்தார்கள், அதனால் இன்று நமக்கு அப்படி ஒரு நூல் இருந்தது தெரிகிறது.

கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது

முன்னட்டையைவிட, தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் உள்ள பதிப்பு விவரம் முக்கியம். எந்த ஊர், எந்த அச்சகம், எந்த ஆண்டு என்று பாருங்கள். பல பழைய நூல்களில் ஆண்டு இருக்காது. அப்போது முகவரி உதவும். சிங்கப்பூரில் 6 இலக்க அஞ்சல் குறியீடு 1995இல் வந்தது. அதற்கு முன் 1979 முதல் 4 இலக்கம். அதற்கும் முன்னால் ‘சிங்கப்பூர் 8’ என்பதுபோல ஓரிரு இலக்க வட்டார எண் மட்டும். தொலைபேசி எண்ணும் அப்படியே: 2002க்குப் பிறகுதான் 8 இலக்கம். ‘மலாயா’ என்று ஊர்ப் பெயரோடு சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 1960களின் தொடக்கத்துக்கு முற்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பின்னட்டையில் விலை வெள்ளியிலா ரூபாயிலா என்பதும் ஒரு தடயம்.

அப்புறம் முதல் வெற்றுப் பக்கம். பெயர், தேதி, “அன்புத் தங்கைக்கு” என்று ஒரு வரி, சிராங்கூன் ரோட்டுக் கடை ஒன்றின் ரப்பர் முத்திரை. இவை இருந்தால் விலை குறைவு என்பார்கள், எனக்கு மதிப்பு கூடும். ஒரு நூல் யார் கையில் இருந்தது என்பதைச் சொல்ல வேறு ஆவணம் எதுவும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.

உடல்நிலையையும் பார்க்க வேண்டும். தாள் மஞ்சளாவது மரக்கூழில் உள்ள லிக்னினும் அமிலமும் செய்யும் வேலை. மலிவுப் பதிப்புத் தாளில் அது தவிர்க்க முடியாதது, அதற்காக ஒரு நூலை ஒதுக்க வேண்டாம். பயப்பட வேண்டியது பூஞ்சைக்கும் பூச்சிக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டைத் தாண்டும். பக்கங்களில் பொடிபோல் சாம்பல் அல்லது பச்சைப் படலம், மூக்கில் ஏறும் நெடி இருந்தால் அரிதான நூலாக இருந்தாலொழிய விட்டுவிடுங்கள். ஒரு பூஞ்சைப் புத்தகம் அலமாரியையே கெடுக்கும். முதுகுப் பகுதியில் பசை அரிக்கப்பட்டிருந்தால் ராமபாணப் பூச்சியின் வேலை. பசையில் உள்ள மாவுச்சத்து அதற்கு உணவு.

பூச்சி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் நூலை ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி 2 வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடவேண்டும், உடனே திறந்தால் குளிர்ந்த தாள்மேல் நீர் கோத்துக்கொள்ளும். நம் பாட்டிமார் ஏட்டுக்கும் புத்தகத்துக்கும் இடையே வைத்த வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் நானும் வைக்கிறேன், தேக்காவில் கிடைக்கிறது. அதைவிட முக்கியம் காற்றோட்டம். நெருக்கி அடைக்காமல், வெளிச் சுவரோடு ஒட்டாமல், விரற்கடை இடைவெளி விட்டு அடுக்கினால் போதும்.

வெளியேயும் போக வேண்டும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இடம் என்பது கட்டாயக் கேள்வி. வாசலுக்கு வெளியே பொது நடைபாதையில் அலமாரி போடவும் முடியாது. தீப் பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும், புத்தகமோ எளிதில் தீப்பிடிக்கும் பொருள். ஆக, உள்ளே வரும் அளவுக்கு வெளியே போகவும் வேண்டும்.

எது போகலாம்? நூலகத்தில் எப்போதும் கிடைப்பது, மறுபதிப்பு வந்துகொண்டே இருப்பது, ஆங்கில விற்பனை நாவல்கள். இவற்றைப் படித்தும் கொடுக்கலாம், படிக்காமலும் கொடுக்கலாம். வாங்கிய 2 வெள்ளி ஏற்கெனவே தொண்டுக்குப் போய்விட்டது, திரும்பக் கொடுத்தால் அதே நூல் இன்னொரு முறை 2 வெள்ளி ஈட்டும். எது தங்க வேண்டும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

கொடுக்கும்போது கடைக்காரர்களை நினைத்துக் கொடுக்க வேண்டும். பூஞ்சை பிடித்ததும், பாதி எழுதிய பயிற்சி நூல்களும், காலாவதியான கலைக்களஞ்சியத் தொகுதிகளும் அவர்களுக்குச் சுமை. விற்க முடியாததை அகற்ற அறநிறுவனமே செலவழிக்க நேரும். மூடிய கடை வாசலில் பெட்டியை வைத்துவிட்டு வருவதும் கூடாது, இரவு மழை பெய்தால் எல்லாம் போச்சு. பள்ளிப் பாடநூல்கள் நல்ல நிலையில் இருந்தால் ஃபேர்பிரைஸ் 1983 முதல் நடத்திவரும் பாடநூல் பகிர்வுத் திட்டம் இருக்கிறது, வசதி குறைந்த மாணவர்களுக்கு இலவசமாகப் போய்ச் சேரும். யாருக்கும் பயன்படாத, ஆனால் உலர்ந்த தாள் என்றால் நீல மறுசுழற்சித் தொட்டி.

பெரியவர் ஒருவர் மறைந்து, வீட்டைக் காலி செய்யும் நேரம்தான் தமிழ் நூல்கள் மொத்தமாகத் தொலையும் நேரம். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், அவகாசமும் இருக்காது. பழைய பொருள் வாங்கும் காரங்குனிக்காரரைக் கூப்பிட்டு எடை போட்டுவிடுவார்கள். சொந்தத்திலோ நட்பிலோ இப்படி ஒரு வீடு இருந்தால், “தமிழ்ப் புத்தகங்களை மட்டும் ஒரு வாரம் வைத்திருங்கள், நான் வந்து பார்க்கிறேன்” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். போய், முதலில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அச்சானவற்றையும் மலர்களையும் தனியே எடுங்கள். தமிழ்நாட்டுப் பதிப்புகளை அடுத்ததாகப் பார்க்கலாம், அவற்றுக்கு வேறு பிரதிகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, தேசிய நூலக வாரியத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். தமிழிலும் தேடுங்கள், ஆங்கில எழுத்திலும் தேடுங்கள், ஒரே பெயரை வெவ்வேறு விதமாக எழுதியிருப்பார்கள். பட்டியலில் இல்லாத ஒன்று கிடைத்தால் அந்தப் படங்களோடு வாரியத்துக்கு எழுதலாம், சிங்கப்பூர் சார்ந்த பழைய நூல்களையும் ஆவணங்களையும் அவர்கள் நன்கொடையாகப் பெற்றுக்கொள்கிறார்கள். ஏற்கெனவே அங்கே இருப்பது என்றால், உங்கள் அலமாரியில் கொஞ்சம் இடம் பண்ணுங்கள்.